படத்துக்குக் கீழே எழுதுவது யார்? கறுப்பின மக்களின் கேமரா வரலாறும் நாமும்



இன்று ஒரு சேரியில் வன்கொடுமை நடந்தால், போலீஸ் வருவதற்கு முன்பே பத்து செல்போன்கள் அதைப் பதிவு செய்துவிடுகின்றன. எரிந்த குடிசை, உடைந்த மண்டை, மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாய். மறுநாள் உண்மை அறியும் குழு போகிறது, அவர்களும் படம் எடுக்கிறார்கள். இரண்டு நாளில் இன்னொரு ஊரின் படம் வந்து இதை மூடிவிடுகிறது. பல சமயம் முதல் வீடியோவை எடுத்ததே அடித்தவர்கள்தான். தங்கள் வீரத்தைக் காட்ட அவர்கள் எடுத்துப் பரப்புகிறார்கள். கண்டிக்கிறோம் என்று சொல்லி நாமும் அதையே பரப்புகிறோம்.

நம் பிள்ளைகளில் கணிசமான பேர் இப்போது விஸ்காம் படிக்கிறார்கள். புகைப்பட இதழியல், ஆவணப்படம், பல்லூடகக் கதைசொல்லல் என்று பாடங்கள் இருக்கின்றன. லென்ஸ், ஒளி, எடிட்டிங் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் படத்தை எப்படித் தன் வசமாக்கியது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்ற வரலாறு அந்தப் பாடங்களில் அரிதாகவே வருகிறது. அந்த வரலாற்றைத் தெளிவாகப் பார்க்க முடிகிற இடம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம். அதிலிருந்து சில பக்கங்களைப் புரட்டிவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

ஒரே படம், இரண்டு வேலை

1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது என்று ஒரு கட்டுரை வாசித்தார். அவர் அண்ணல் அம்பேத்கர். ஆறு நாட்கள் கழித்து, மே 15 அன்று, அதே நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் வேகோ என்ற ஊரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயது கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி கொல்லப்பட்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு. ஜூரிகள் நான்கே நிமிடத்தில் அவரைக் குற்றவாளி என்றார்கள். கும்பல் அவரை நீதிமன்றத்துக்குள்ளிருந்தே இழுத்துச் சென்று, நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் உயிரோடு எரித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஃப்ரெட் கில்டர்ஸ்லீவ் என்ற உள்ளூர் புகைப்படக்காரர் அதைப் படமெடுத்தார். அவர் ரகசியமாக எடுக்கவில்லை. படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாகி விற்பனைக்கு வந்தன. இது வேகோவில் மட்டும் நடந்த விநோதமும் இல்லை. கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்று, பிணத்தின் அருகே சிரித்தபடி நின்று படமெடுத்து, உறவினர்களுக்கு அனுப்புவது அக்காலத் தென்மாநிலங்களில் வழக்கமாக இருந்தது. இத்தகைய அட்டைகளை அஞ்சலில் அனுப்ப 1908இல் தடை வந்தது. அதன் பிறகு உறைக்குள் போட்டு அனுப்பினார்கள்.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., எலிசபெத் ஃப்ரீமன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை விசாரணைக்கு வேகோவுக்கு அனுப்பியது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிவந்த அவர், ஊராரிடம் பேச்சுக் கொடுத்துத் தகவல்களையும் அந்தப் படங்களையும் திரட்டினார். அந்த அமைப்பின் ‘கிரைசிஸ்’ இதழுக்கு ஆசிரியர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். 1916 ஜூலையில் அந்தப் படங்களை எட்டுப் பக்க இணைப்பாக அவர் வெளியிட்டார்.

கொலைகாரர்கள் பெருமைக்கு விற்ற அதே படங்கள்தான் இதிலும் இருந்தன. அவற்றைச் சுற்றி டுபாய்ஸ் வைத்தவை வேறு: ஊரின் விவரம், வழக்கு நடந்த விதம், யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிகாரிகள் எங்கே இருந்தார்கள் என்ற தகவல்கள். ஆதிக்கத்தின் ஆல்பத்தில் இருந்த படம் குற்றப்பத்திரிகைக்குள் வந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1922இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் முடக்கப்பட்டது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். படம் எடுத்தால் நீதி கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த 106 ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவெடுத்த கேமரா

ஒடுக்கப்பட்டவர்களின் உடல் மீது கேமரா திரும்பியது வேகோவில் தொடங்கவில்லை. 1850இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, கறுப்பினத்தவர் வேறு இனம் என்று நிரூபிக்க விரும்பினார். அதற்காகத் தென் கரோலினாவில் ஜீலி என்ற புகைப்படக்காரரைக் கொண்டு ரெண்டி, அவர் மகள் டெலியா உள்ளிட்ட அடிமைகளை ஆடை களைந்து நிற்கவைத்து, முன்புறமும் பக்கவாட்டிலும் படமெடுக்கச் செய்தார். அந்தத் தகடுகள் 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகத்தின் பரணில் கிடைத்தன. தான் ரெண்டியின் வழித்தோன்றல் என்று சொல்லும் தமாரா லேனியர், படங்களைத் திருப்பிக் கேட்டு 2019இல் வழக்குப் போட்டார். 2025இல் சமரசம் ஏற்பட்டு, படங்களைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. தன் முன்னோரின் படம் யாருடையது என்று கேட்க 175 ஆண்டுகள் ஆயின.

இதைப் படிக்கும்போது நமக்கு எழும்பூர் அருங்காட்சியகம் நினைவுக்கு வர வேண்டும. அதன் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் கருவி வைத்து அளந்து, படமெடுத்து, சாதிவாரியாக அடுக்கினார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் ஆய்வு மாணவர்கள் புரட்டுகிறார்கள். அந்தப் படங்களில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. சாதிப் பெயர்தான் படக்குறிப்பு. சமூகவியல் படிக்கும் தோழர்கள் அந்தத் தொகுதிகளை எடுக்கும்போது, எழுத்தை வாசிப்பதற்கு முன் படக்குறிப்புகளை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மனிதர்களை மாதிரிகளாக்கியதில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று தெரியும்.

தன் படத்தைத் தானே வைத்துக்கொண்டவர்கள்

இதற்கு முதலில் பதில் சொன்னவர்கள் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களே. 1838இல் தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர். அவருடைய 160 படங்கள் வரை கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. நல்ல கோட்டு, நேரான பார்வை, சிரிப்பு அநேகமாகக் கிடையாது. சிரித்துக் குழையும் அடிமை என்ற கேலிச்சித்திரத்துக்கு அவர் முகமே மறுப்பாக நின்றது. புகைப்படம் பற்றி அவர் மேடைகளில் சொற்பொழிவே ஆற்றினார். கறுப்பின முகத்தை வெள்ளை ஓவியர்கள் முன்முடிவோடுதான் வரைவார்கள் என்பது அவருடைய புகார். கேமராவின் மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது.

நம் ஊர்களில் கோட்டு அணிந்த அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டியதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று யோசித்தால், டக்ளஸின் கோட்டு நமக்கு உடனே புரியும்.

சோஜர்னர் ட்ரூத் இன்னொரு படி மேலே போனார். அடிமையாகப் பிறந்து பெண்ணுரிமைக்கும் விடுதலைக்கும் ஊர் ஊராகப் பேசிய அவர், தன் படத்தைச் சிறு அட்டைகளாக அச்சடித்து விற்று, அந்த வருமானத்தில் வாழ்ந்தார், பயணம் செய்தார். படமெடுத்தவருக்கே உரிமை போவது அக்கால வழக்கம். அவர் 1864இல் தன் பெயரிலேயே பதிப்புரிமை பதிந்துகொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெண் அவர்.

1900இல் ஒரு பல்லூடகக் காட்சி

பல்லூடகக் கதைசொல்லல் என்றால் இணையத்தோடு வந்த ஒன்று என்று நினைக்கிறோம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பற்றி ஒரு பகுதி இருந்தது. தாமஸ் காலவே முன்னெடுத்த அதில், அப்போது அட்லாண்டாவில் சமூகவியல் கற்பித்துவந்த டுபாய்ஸுக்குப் பெரும் பங்கு. அவர் ஆல்பங்களாகத் தொகுத்து வைத்தவை 363 படங்கள்: பட்டதாரிகள், கடைக்காரர்கள், வழக்கறிஞர்கள், வீடுகள், தேவாலயங்கள், குழந்தைகள். பக்கத்திலேயே அவரும் அவருடைய மாணவர்களும் கையால் வண்ணம் தீட்டிய ஏறத்தாழ 60 வரைபடங்கள். நிலவுடைமை, கல்வி, வரி, மக்கள்தொகை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி வரைந்திருந்தார்கள். இவற்றோடு, ஜார்ஜியா மாநிலம் கறுப்பினத்தவர் மீது போட்ட சட்டங்களைக் கையால் எழுதித் தொகுத்த ஏடுகளையும் வைத்தார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய வாதம் புரியும். படம் மட்டும் இருந்தால், முன்னேறிய சிலர் என்று தள்ளிவிடலாம். வரைபடம் மட்டும் இருந்தால் வெறும் எண். சட்ட ஏடு பக்கத்தில் இருப்பதால், இத்தனை தடைகளைப் போட்ட பிறகும் இவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பவர் தாமாகவே கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அந்த ஆல்பங்களில் சிலரை நேராகவும் பக்கவாட்டிலும் காட்டும் படங்கள் உண்டு. அளவெடுப்புக்காரர்களின் அதே கோணத்தை எடுத்து அவர் திருப்பி அடித்தார் என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்த ஆல்பங்களிலும் பெரும்பாலான படங்களின் கீழே பெயர் இல்லை என்ற குறையையும் கவனிக்க வேண்டும்.

பின்னாளில் 1946இல் பாபாசாகேப் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வில் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார், தீண்டப்படாதோர் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். டுபாய்ஸ் பதில் எழுதினார். இன்னொரு நாட்டுப் போராட்டத்தின் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் நம் மரபிலேயே இருக்கிறது.

துடைப்பத்தோடு நின்ற பெண்

கார்டன் பார்க்ஸ் 1912இல் கன்சாஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல் ரயிலில் பணியாளாக வேலை பார்த்தவர். இதழ்களில் வந்த புலம்பெயர் தொழிலாளர் படங்களைப் பார்த்து, பழைய கேமரா ஒன்றை வாங்கித் தானே கற்றுக்கொண்டார். 1942இல் வாஷிங்டனில் அரசின் புகைப்படப் பிரிவில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் அவரிடம், கேமராவை இங்கேயே வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்து வா என்றார். துணிக்கடை, உணவகம், தியேட்டர் என எல்லா இடத்திலும் பார்க்ஸைத் துரத்தினார்கள். ஆத்திரத்தோடு திரும்பியவரிடம், உன்னைத் துரத்தியவனின் முகத்தைப் படமெடுத்துப் பயனில்லை, இதோ இந்தக் கட்டடத்தைத் துடைக்கும் பெண்ணிடம் போய்ப் பேசு என்றார் ஸ்ட்ரைக்கர்.

அந்தப் பெண் எல்லா வாட்சன். அவர் தந்தை வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டவர், கணவர் சுடப்பட்டவர், பேரக்குழந்தைகளைத் துப்புரவு வேலைச் சம்பளத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார். பார்க்ஸ் அவரை அமெரிக்கக் கொடியின் முன்னால், ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் துடைப்பானுமாக நிற்கவைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பார்க்ஸ் அதோடு நிறுத்தவில்லை. வாரக்கணக்கில் அவர் வீட்டுக்கும், தேவாலயத்துக்கும், தெருவுக்கும் போனார். குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் வாட்சன், பிரார்த்தனை செய்யும் வாட்சன், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் வாட்சன் என்று ஒரு தொடரே எடுத்தார். முதல் படத்தில் அவர் ஒரு சின்னம். தொடர் முழுவதையும் பார்த்தால் ஒரு பாட்டி, ஒரு தெருவாசி, ஒரு பக்தை தெரிகிறார். படத் தொடர் என்ற வடிவம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தாய் எடுத்த முடிவு

1955 ஆகஸ்ட் 28. சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் வாலாட்டினான் என்று சொல்லி, வீடு புகுந்து கடத்திக் கொன்று ஆற்றில் வீசினார்கள். உருத்தெரியாமல் சிதைந்த உடல் சிகாகோ வந்தது. தாய் மேமி டில், சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். தன் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்பது அவர் எடுத்த முடிவு. டேவிட் ஜாக்சன் எடுத்த படத்தைக் கறுப்பினத்தவர் நடத்திய ‘ஜெட்’ வார இதழ் செப்டம்பர் 15 தேதியிட்ட இதழில் வெளியிட்டது. வெள்ளையர் நடத்திய பெரிய பத்திரிகைகள் அதைத் தொடவில்லை. அந்த ஒரு படத்தால் போராட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு தலைமுறை.

வெள்ளை ஜூரிகள் கொலைகாரர்களை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விடுதலை செய்தார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் ஒரு இதழிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

வேகோ படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கொடூரமானவை. வேகோவில் ஜெஸ்ஸியின் குடும்பத்திடம் யாரும் கேட்கவில்லை. கொன்றவர்களும் கேட்கவில்லை, நியாயத்துக்காக வெளியிட்டவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. சிகாகோவில் எல்லாவற்றையும் முடிவு செய்தவர் தாய். படத்தில் இருப்பவரின் சம்மதம், அவர் இல்லையென்றால் குடும்பத்தின் சம்மதம், இதற்கு எந்த அவசரமும் மாற்று ஆகாது.

சம்மதம் மட்டும் போதுமா என்றால், அதற்கும் இந்த வரலாற்றில் பதில் இருக்கிறது. 1956 செப்டம்பரில் கார்டன் பார்க்ஸ் அலபாமாவில் எடுத்த வண்ணப் படங்கள் ‘லைஃப்’ இதழில் வந்தன. தனித் தண்ணீர்க் குழாய், தனி வாசல், அதற்கிடையே வாழும் ஒரு பெரிய குடும்பத்தின் அன்றாடம். அழகான, கண்ணியமான படங்கள். சம்மதத்தோடுதான் எடுத்தார். இதழ் ஊருக்கு வந்ததும், அதில் மனம்விட்டுப் பேசிய ஒரு பெண் ஆசிரியை வேலை இழந்தார். குடும்பமே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கேமராக்காரர் நியூயார்க் திரும்பிவிட்டார், படத்தில் இருந்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். கிராமத்தில் ஆதிக்கச் சாதி வீட்டு வாசலில் கூலிக்குப் போகிற ஒருவரின் முகத்தை நாம் பேட்டி எடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

இயக்கத்துக்குச் சொந்தமான இருட்டறை

1960இல் தொடங்கிய எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பு இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. பத்திரிகைக்காரர்கள் வந்து எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், தனக்கென்று புகைப்படக்காரர்களை வைத்துக்கொண்டது. 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த டேனி லயன் வந்து சேர்ந்தார். அட்லாண்டாவில் இருட்டறை அமைந்தது. ஜார்ஜியாவில் 1963இல் ஒரு தியேட்டரின் வெள்ளையர் வாசலில் டிக்கெட் கேட்டதற்காகக் கைதான கறுப்பினச் சிறுமிகளை, லீஸ்பர்க் என்ற இடத்தில் ஒரு பழைய கொட்டடியில் வாரக்கணக்கில் அடைத்துவைத்திருந்தார்கள். லயன் காரில் ஒளிந்து போய், ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்று அவர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் வெளியானது அவர்களின் விடுதலைக்கு வழி செய்தது.

இதைவிட நம் கவனத்துக்குரியவர் மரியா வரேலா. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த இவர் முதியோர் எழுத்தறிவுப் பணிக்காக அலபாமாவின் செல்மாவுக்கு வந்தார். பாடநூல்களில் கறுப்பின மக்கள் வேலை செய்வதும் முடிவெடுப்பதும் இல்லை என்று கண்டு, கேமராவைக் கற்றுக்கொண்டார். மிசிசிப்பியில் வெண்டைக்காய் பயிரிட்ட கறுப்பின விவசாயிகள் கூட்டுறவு அமைத்ததைப் படமும் அவர்கள் பேச்சுமாகத் தொகுத்தார். படச்சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திரையிட்டார். அடுத்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து, நாமும் செய்யலாமே என்று பேசத் தொடங்குவதுதான் நோக்கம். பல்லூடகக் கதைசொல்லல் என்று இன்று கட்டணம் வாங்கிச் சொல்லித்தருவதை, அன்று மின்சாரம் கிடைத்த ஏதோ ஒரு தேவாலயக் கூடத்தில் செய்தார்கள்.

அதே 1963 மே மாதம் பர்மிங்காமில் போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் பாய்ந்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அவை சட்டம் வருவதற்கு உதவின. ஆனால் பெரும் பத்திரிகைகள் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் அடிவாங்கும் கறுப்பின உடல்களே என்றும், பார்க்கும் வெள்ளையரின் இரக்கத்துக்கு அவை ஏற்றவையாக இருந்தன என்றும் மார்ட்டின் பெர்கர் போன்ற வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். எஸ்.என்.சி.சி.யின் சொந்தப் படங்களில் அடியும் உண்டு. கூடவே கூட்டம், விவாதம், வாக்காளர் பதிவு வரிசை, சமையல், களைப்பு, பாட்டு எல்லாம் உண்டு. இரக்கத்தை வேண்டாமல் ஆட்களைச் சேர்க்கிற படங்கள் அவை.

கேமராவின் இன்னொரு முகம்

இதை வீர வரலாறாக மட்டும் முடித்தால் நாம் ஏமாந்துபோவோம். மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பினப் புகைப்படக்காரர் எர்னஸ்ட் விதர்ஸ் இயக்கத்தின் எல்லா வீடுகளிலும் வரவேற்கப்பட்டவர். டில் கொலை வழக்கில், தடையை மீறி, சாட்சி சொன்ன முதியவர் எழுந்து நின்று கொலைகாரனை நோக்கிக் கை நீட்டிய தருணத்தைப் படமெடுத்தவர். 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரிக்குள் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டைகளை ஏந்தி அவர்கள் வரிசையாக நிற்கும் புகழ்பெற்ற படம் விதர்ஸ் எடுத்தது. அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தர வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார்.

விதர்ஸ் 2007இல் இறந்தார். 2010இல் மெம்ஃபிஸ் நாளிதழ் ஒன்று ஆவணங்களோடு வெளியிட்ட செய்தி: அவர் பல ஆண்டுகள் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தார். யார் கூட்டத்துக்கு வந்தார்கள், யாரோடு யார் நின்றார்கள் என்பதைச் சொல்லும் படங்களும் அங்கே போயின.

ஒரே மனிதர், ஒரே கேமரா. அட்டை ஏந்திய துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வரலாற்றில் இடம் கொடுத்ததும் அதுதான், அவர்களின் தலைவர்களை அடையாளம் காட்டியதும் அதுதான். நம் தோழர்கள் ஆர்ப்பாட்டத்தில் நின்ற ஒவ்வொருவரின் முகத்தையும் அன்று இரவே முகநூலில் ஏற்றுகிறார்கள். இன்று ஒரு விதர்ஸ் தேவையே இல்லை. வேண்டியவற்றை நாமே திறந்து வைத்துவிடுகிறோம்.

நம் ஊரில்

துப்புரவுத் தொழிலாளர்கள் என்றதும் நம் நிலத்துக்கே வந்துவிட்டோம். மும்பையின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படமெடுத்தவர் சுதாரக் ஓல்வே. 2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம், மலக்குழி வேலையையும் மரணங்களையும் தமிழ்நாடு முழுக்கப் போய்ப் பதிவு செய்தது. திரையிடல்கள் தடுக்கப்பட்டன, இயக்குநர் மீது வழக்குகள் பாய்ந்தன. அந்தப் படத்தில் ஒளிப்பதிவு செய்த பழனிகுமார், மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் கேமரா சொல்லிக்கொடுத்து வருகிறார். வரேலா செய்ததன் தமிழ்த் தொடர்ச்சி என்று நான் அதைப் பார்க்கிறேன்.

வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் 2002இல் தொடங்கியது ‘கபர் லஹரியா’. தலித் பெண்கள் நடத்தும் இந்தச் செய்தி நிறுவனம் அச்சிலிருந்து செல்போன் வீடியோவுக்கு மாறியது. அவர்களைப் பற்றி எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விழாவுக்குச் சில நாட்கள் முன்பு கபர் லஹரியா ஓர் அறிக்கை விட்டது. படம் நெகிழ்ச்சியானது, ஆனால் எங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டும் முழுக் கதையாக்கிவிட்டது என்றார்கள். உலகமே கைதட்டும்போது, எங்கள் கதையை நாங்கள் இப்படிச் சொல்லமாட்டோம் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். ட்ரூத் பதிந்துகொண்ட பதிப்புரிமையின் பொருளும் அதுவே.

கேமரா பழகும் தோழர்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து களப்பணிக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

படக்குறிப்பை எடுத்த அன்றே எழுதுங்கள். பெயர், ஊர், தேதி, நேரம், என்ன நடந்துகொண்டிருந்தது, யார் சொன்னது. பெயரை வெளியிடக் கூடாது என்றால் உங்கள் தனிக் குறிப்பேட்டில் இருக்கட்டும். தர்ஸ்டனின் படங்களில் இருப்பவர்களை இன்று யாராலும் பெயர் சொல்லி அழைக்க முடியாது. உங்கள் படங்களுக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

மூலக் கோப்பை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள். வாட்ஸப்பில் வந்துபோன பிரதி தரம் குறைந்தது, எடுத்த நேரம் போன்ற விவரங்களையும் இழந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழும் தேவை. எந்தக் கருவியில் எடுத்தோம், யாரிடம் இருந்தது என்று சொல்ல முடிந்தால்தான் வழக்கறிஞரால் பயன்படுத்த முடியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு மனுப் போடுகிறோம்? கேமரா நம் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை, அரசின் கையிலும் இருக்க வேண்டும் என்பது நாம் போராடிப் பெற்ற உரிமை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம், குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். ஆதரவாகப் பகிர்ந்தேன் என்பது பதிலாகாது. முகத்தை மறைத்துவிட்டு, ஊரையும் தாயின் பெயரையும் போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஆதிக்கச் சாதியார் எடுத்த வீடியோ கையில் கிடைத்தால் டுபாய்ஸ் செய்ததைச் செய்யுங்கள். அதை வழக்கறிஞரிடமும் காவல்துறையிடமும் புகாரோடு கொடுங்கள். ஊர், வழக்கு எண், அதிகாரியின் பதவி, அவர் செய்யத் தவறியது ஆகியவற்றைப் பொதுவெளியில் எழுதுங்கள். அடிபடுகிறவரின் அலறலை மீண்டும் மீண்டும் ஓடவிடுவதால் அடித்தவனுக்குத்தான் விளம்பரம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பகுதியில் இந்த ஆண்டு நடந்தவற்றில் எத்தனை படங்கள் காயத்தைக் காட்டுகின்றன, எத்தனை படங்கள் நம் மக்கள் கூடிப் பேசுவதை, மனு எழுதுவதை, பஞ்சமி நிலத்துக்கு ஆவணம் தேடுவதை, மாலை நேரப் பாடசாலை நடத்துவதைக் காட்டுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது கணக்கு குறைவாக இருந்தால், அடுத்த ஞாயிறு அந்தப் பாடசாலைக்குக் கேமராவோடு போங்கள். முதல் நாள் எதையும் எடுக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவது வாரம் கேட்டு எடுங்கள். எடுத்ததை அச்சுப் போட்டு, படத்தில் இருப்பவர் கையில் முதல் பிரதியைக் கொடுங்கள். கீழே என்ன எழுதலாம் என்று அவரிடமே கேளுங்கள்.